முதலில் மூச்சு வாங்கும் மீன்

பூங்காவனத்துக்கு மெமோ கொடுத்தவன் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதிக் கதையில் வேறு யாராவது சொல்லி நீங்கள் தெரிந்துகொண்டால் எனக்கு இன்னும் அசிங்கம்.

அப்போது நான் தெருநீர்க் கண்காணிப்பகத்தில் வடக்கு மண்டலப் பொறியாளர். நகரத்துக் குழாயில் கடல்நீர், ஏரி நீர், சுத்திகரித்த கழிவுநீர் மூன்றும் மணிக்கொரு விகிதத்தில் கலந்து வரத் தொடங்கியிருந்த காலம். காலையில் பல் தேய்த்த தண்ணீரும் மதியம் உலை வைத்த தண்ணீரும் ஒன்றாக இருக்காது. குழாய்களுக்குள் கருவிகள் வைத்திருந்தோம். அவை பதினெட்டுப் பொருள்களைத் தேடும். ஈயம் இருக்கிறதா, இல்லையா என்று சொல்லும். பத்தொன்பதாவதாக ஒன்று வந்தால் அவற்றுக்குத் தெரியாது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளும்.

அதனால்தான் மீன். மீனிடம் நாம் எதையும் கேட்க வேண்டாம். தண்ணீரில் எது கெட்டிருந்தாலும் அதன் செவுள் வேகமாக அடிக்கும். தெருவுக்கு ஒரு கண்ணாடித் தொட்டி, தொட்டிக்கு ஆறு ஜீப்ரா மீன்கள், ஒவ்வொன்றும் விரல் கணு நீளம். தண்ணீர் வீடுகளுக்குப் போகும் முன்னால் அதில் ஒரு கிளை அந்தத் தொட்டி வழியாக ஓடும். மீனுக்கு ஆகாத குளோரினை மட்டும் தொட்டி வாசலிலேயே ஒரு மருந்து முறித்துவிடும். மற்றதெல்லாம் அப்படியே உள்ளே வரும். மேலே ஒரு கேமரா, அதன் பின்னால் செவுளடியை எண்ணிக்கொண்டே இருக்கும் ஒரு கணினி. ஒரு மீனுக்கு மூச்சு வாங்கினாலும் நான்கு நொடியில் தெருவின் வால்வு மூடிக்கொள்ளும். காவல் தொட்டி என்று பெயர் வைத்தோம். ஆறே மாதத்தில் சில தெருக்களில் அதற்கு மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, ஆடியில் கூழும் ஊற்றினார்கள்.

மீன்களைத் தந்தவர் கொளத்தூர் பூங்காவனம். அந்தப் பக்கத்தில் மொட்டை மாடி என்று ஒன்று இருந்தால் அதில் மீன் தொட்டி இருக்கும், துணி காயப்போடத்தான் இடம் இருக்காது. பூங்காவனத்துக்கு மூன்று மாடிகளில் நாற்பத்திரண்டு சிமெண்டுத் தொட்டிகள். எட்டாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் இடுப்பில் ஒரு கையை ஊன்றி, தொட்டி மேல் குனிந்து, உதடு மட்டும் அசைய எண்ணிவிட்டு, "நிமிஷத்துக்கு நூத்தி நாப்பது சார்" என்பார். கணினி நூற்று நாற்பத்தொன்று என்று காட்டும். அந்த ஒன்று எங்கள் மிஷின் கண் சிமிட்டியது என்று கேலி செய்வார். முதல் தடவை சிரித்தேன். பிறகு ஒரு நாள் கேமரா பதிவை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன், நூற்று நாற்பதுதான். அன்றிலிருந்து நான் அவரிடம் எண்ணிக்கையைப் பற்றி வாயைத் திறப்பதில்லை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை தெருத் தொட்டிகளின் மீன்கள் அவரது மாடிக்குத் திரும்பி வரும். எதெல்லாம் சோர்ந்துபோனதோ அதைக் கழித்துவிட்டு, திடமாக இருப்பதை முட்டைக்கு விடுவார். மீன் தொழிலில் இதுதான் அரிச்சுவடி: பிழைத்ததை வைத்து வளர்க்க வேண்டும். கழித்தவற்றைக் கழிசல் என்பார்கள். கழிசல் நல்ல மீனோடு கலந்துவிடக் கூடாது, அழித்துவிட வேண்டும் என்று எங்கள் ஒப்பந்தத்தின் ஏழாவது பிரிவு சொன்னது. அந்தப் பிரிவை எழுதியவனும் நான்தான்.

முதல் வருடம் என் மண்டலத்தில் இருநூற்றுப் பதினோரு தடவை வால்வு மூடியது. ஐந்தாம் வருடம் முப்பத்தெட்டு. ஒன்பதாம் வருடத்திலிருந்து பூஜ்யம். இயக்குநர் மங்கையர்க்கரசி இந்த வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்து மேடையில் மாட்டி, நம் குடிநீர் எவ்வளவு தூய்மையாகிவிட்டது பாருங்கள் என்றார். பூங்காவனத்துக்குச் சால்வை போர்த்தினார்கள். அவரது மீன்களுக்கு 'சாகா மீன்' என்று பெயரும் வந்தது. இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து கை வலிக்கத் தட்டினேன்.

மெமோ விஷயம் அடுத்த வருடம் நடந்தது. திடீர் ஆய்வுக்குப் போனபோது, மாடியின் ஓரத்தில் தென்னங்கீற்று போட்டு மூடிய இரண்டு தொட்டிகளில் எழுபது கழிசல்கள் சௌக்கியமாக நீந்திக்கொண்டிருந்தன. தெருத் தொட்டித் தண்ணீரே அவற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்பதால் வீட்டு போர்வெல் தண்ணீரில் தனியாக வளர்த்துவந்தார்.

"தூக்கிப் போட மனசு வரல சார். ஓரமா இருந்துட்டுப் போவட்டும்" என்றார்.

விதி விதிதான் என்றேன். விதியை எழுதிய திமிர் எனக்கு. மெமோவில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "சரி சார்" என்று மட்டும் சொன்னார். நானும் 'அழிக்கப்பட்டது' என்று கோப்பில் குறித்துக்கொண்டேன். அவர் அவற்றை மாடிப்படிக்குக் கீழே மாற்றி வைத்தார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

பூங்காவனத்தின் கணவர் ரத்தினவேலு பெயர்ப்பலகை எழுதுபவர். எங்கள் காவல் தொட்டிகள் எல்லாவற்றிலும் தெருப் பெயரும் எண்ணும் அவர் எழுதியதுதான். ஸ்கேல் வைக்காமல் நேர்கோடு போடுவார். அந்தக் கைக்கு இரண்டு வருடமாக நடுக்கம். ஐம்பத்து நான்கு வயதுதான். டாக்டர், வயசாகிறது இல்லையா என்றாராம். எதிர்வீட்டுத் தையல்காரரும் ஊசியில் நூல் கோக்க மகளைக் கூப்பிட ஆரம்பித்திருந்தார். அவரும் கண்ணாடியை மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அவரவர் வீட்டில் அவரவர்க்கு வயதானது.

பதினோராவது வருடம், மே மாதம். கொளத்தூரில் போர் எல்லாம் காற்றைத்தான் கக்கின. கழிசல்களுக்கு ஊற்றத் தண்ணீர் இல்லாமல் பூங்காவனம் குழாய்த் தண்ணீரைப் பிடித்தார். அப்படியே ஊற்றிவிடவில்லை. ஆன்ட்டி குளோரின் சொட்டு விட்டு, காற்றுக் குழாய் போட்டு, ஒரு நாள் முழுக்கத் திறந்து வைத்து, மறுநாள் காலையில்தான் ஊற்றினார். மீன் வளர்க்கும் யாரும் அதற்கு மேல் செய்ய முடியாது. பதினோரு மணிக்கு எனக்குப் போன் வந்தது.

"சார், தண்ணி சரியில்ல."

திரையைப் பார்த்தேன். மண்டலம் முழுக்கப் பச்சை விளக்கு. அதைச் சொன்னேன்.

"பச்சையாத்தான் இருக்கும். உங்க மீனுங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு. அதான் சார் எனக்கு பயமா இருக்கு."

போனேன். மாடிப்படிக்குக் கீழே தொட்டியின் அடியில் முப்பது நாற்பது மீன்கள் பக்கவாட்டில் கிடந்தன. பிழைத்த ஒன்பதை மட்டும் போன மழையில் பிடித்துவைத்த தண்ணீர் கேனுக்கு மாற்றியிருந்தார். இவை அழிக்கப்பட்ட மீன்கள் ஆயிற்றே என்று எனக்கு உறைப்பதற்குள், என் முகத்தைப் பார்த்தே, மெமோவை அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்றார்.

ஆன்ட்டி குளோரின் போதாமல் இருந்திருக்கும் என்றேன். தெரிந்த சமாதானம் அது ஒன்றுதான்.

"குளோரின்னா மேல வந்து வாயைப் பொளக்கும் சார். செவுளு வெளுத்துப் போவும். இது அடியில படுத்து நடுங்குது பாருங்க."

உயிர் போகாமல் கிடந்த ஒன்றின் வால் விடாமல் நடுங்கிக்கொண்டிருந்தது. அப்போது ரத்தினவேலு எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தார், டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. அப்படியும் தளும்பியது. பூங்காவனம் அந்தக் கையையும் மீனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எழுந்துபோய் டம்ளரை வாங்கிச் சாக்கடையில் கொட்டினார். படியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

"பதினோரு வருஷமா நான் இன்னா பண்ணேன்? எது மூச்சு வாங்கிச்சோ அதைக் கழிச்சேன். எது வாங்கலையோ அதை அப்பன் ஆத்தா ஆக்குனேன். வருஷத்துக்கு நாலு ஈடு சார். பழக்கம். மீனு வளர்க்கிறவ வேற இன்னா செய்வா? சொல்ற மீனையெல்லாம் தள்ளிட்டு, சொல்லாத மீனாப் பாத்து தெருத் தெருவுக்கு வெச்சேன்."

எனக்கு அந்த மேடையும் வரைபடமும் ஞாபகம் வந்தன. இருநூற்றுப் பதினொன்றிலிருந்து பூஜ்யத்துக்கு இறங்கிய கோடு. தண்ணீர் தூய்மையாகவில்லை. மீன்கள் வாயை மூடிக்கொண்டன. வருடத்துக்கு நான்கு தலைமுறை என்றால் நாற்பத்து நான்கு தலைமுறை. அத்தனையையும் நாங்கள் பாராட்டி, சால்வை போர்த்தி வளர்த்திருக்கிறோம்.

இயக்குநர் மங்கையர்க்கரசி கெட்டவர் அல்ல. மே மாதத்தில் நாலாயிரம் தெருக்களுக்குத் தண்ணீரை நிறுத்துவது விளையாட்டுக் காரியமும் அல்ல. சட்டவிரோதமாக வைத்திருந்த ஒன்பது கழிசலை நம்பியா மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் வால்வை மூடச் சொல்கிறீர்கள், குலசேகர் என்று கேட்டார். அந்த மீன்கள் நோயில் செத்திருக்கலாம் என்றார். ஆய்வகத்துக்கு அனுப்பலாம், ஆனால் எதைத் தேடச் சொல்லி அனுப்புவது? கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று முடித்துவிட்டார்.

கண்ணால் காட்டுவதென்றால் அந்த ஒன்பதைக் குழாய்த் தண்ணீரில் விட்டுக் காட்ட வேண்டும். ஒன்பதும் செத்தால் நிரூபணம் இருக்கும், விதை இருக்காது. தண்ணீர் கெட்டால் சொல்லக்கூடிய மீன் இந்த நகரத்தில் வேறு எங்கும் இல்லை; சந்தை மீனும் இதே தண்ணீரில் பிழைத்ததை வைத்து வளர்த்ததுதான். பூங்காவனத்துக்கு இன்னொன்றும் இருந்தது. நிரூபித்தால் அவர் பதினோரு வருடம் வளர்த்த சாகா மீன் ஒன்றுக்கும் ஆகாதது என்று அவரே சொன்னதாகும். நான் ஒரு வழி சொல்லிக்கொடுத்தேன். மீனின் குணம் இயற்கையாக மாறிவிட்டது என்று எழுதிவிடலாம், உங்கள் பெயர் வராது என்றேன். அவர் கேனைத் தூக்கி வெளிச்சத்தில் வைத்து, உள்ளே பொட்டை எத்தனை என்று பார்த்தார். இரண்டுதான்.

"ஆம்பளையில மூணு எடுத்துக்கறேன். அது போதும்" என்றார்.

மறுநாள் காலை இயக்குநரின் மேஜையில் இரண்டு கண்ணாடிக் கிண்ணங்கள். அந்த அறைக் குழாயிலேயே தண்ணீர் பிடித்து, இயக்குநரின் கண் முன்னால் ஆன்ட்டி குளோரின் விட்டு, இரண்டிலும் ஒரே அளவு ஊற்றினோம். ஒன்றில் மூன்று சாகா மீன்கள். இன்னொன்றில் மூன்று கழிசல்கள். பூங்காவனம் இடுப்பில் கையை ஊன்றிக் குனிந்தார். உதடு அசைந்தது. நூற்று முப்பது என்றார். சற்று நேரத்தில் நூற்று எழுபது என்றார். பிறகு இருநூறு. பக்கத்துக் கிண்ணத்தில் சாகா மீன்கள் ஒன்றையொன்று துரத்தி விளையாடிக்கொண்டிருந்தன. நாலாவது நிமிடம் கழிசல் ஒன்று சாய்ந்து, அடியில் படுத்து நடுங்கியது. பூங்காவனம் வலையைக்கூடத் தேடவில்லை. வெறுங்கையை விட்டு மூன்றையும் அள்ளி மழைத்தண்ணீரில் போட்டார்.

இரண்டு தேறிவிட்டன. ஒன்று தேறவில்லை. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டே நிமிர்ந்தார்.

"தப்பு என்னோடது மேடம். தண்ணியில விஷத்தைக் கலந்தது நானில்ல. ஆனா அதைச் சொல்ற வாயெல்லாம் பாத்துப் பாத்து அடைச்சது நான்தான். எழுதிக்கிங்க."

நான் எத்தனையோ விசாரணைக் கூட்டங்களில் உட்கார்ந்திருக்கிறேன். தப்பு என்னுடையது என்று ஒருவர், யாரும் கேட்காமல், சொல்லி அன்றுதான் கேட்டேன். ஏழாவது பிரிவை எழுதியவன் நான் என்று எழுந்து சொல்ல எனக்கும் அன்று வாய் வந்தது. அவர் முந்திக்கொள்ளாவிட்டால் வந்திருக்காது.

இயக்குநர் மேஜை மேலிருந்த தன் தண்ணீர் டம்ளரைத் தள்ளி வைத்தார். பிறகு பேனாவை எடுத்தார்.

பதினேழு நாள் நகரம் லாரித் தண்ணீரில் ஓடியது. ஆய்வகம் கண்டுபிடிக்க ஆறு நாள் ஆயிற்று. பழைய குழாய்களுக்குள் துரு பிடிக்காமல் இருக்கப் பூசிய ஒரு பூச்சு, சன்னமாகக் கரைந்துகொண்டே இருந்திருக்கிறது. அதுதான் எங்கள் கருவிகள் தேடாத பத்தொன்பதாவது பொருள். கைநடுக்கம் என்று அறுநூறு பேர் வரிசையில் நின்றார்கள். இனி அதிகமாகாது, சிலருக்குக் குறையவும் செய்யும் என்றார்கள் டாக்டர்கள்.

லாரி வரிசையில் குடத்தோடு நின்ற பூங்காவனத்தைப் பார்த்து, தெருவையே தூங்கவைத்தவள் என்று ஏசினார்கள். அவர் குடம் நிரம்பியதும், எதிர்வீட்டுத் தையல்காரருக்குத் தூக்கக் கை வராது என்று அவர் குடத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனார். நான் லாரிக்குப் பக்கத்தில் அதிகாரி மாதிரி நின்றுகொண்டிருந்தேன். வெட்கமாக இருந்தது.

புது ஒப்பந்தமும் அவருக்கே வந்தது. வேறு யாரிடம் போவது? எட்டு மீன்களில் ஆறு ஆண். இரண்டே இரண்டு பொட்டையை வைத்துக்கொண்டு தொழிலையே தலைகீழாகத் திருப்பினார். தினமும் காலையில் ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு சொட்டுக் கெட்ட தண்ணீர் விடுவார். எது முதலில் மூச்சு வாங்குகிறதோ அதை உடனே அள்ளி நல்ல தண்ணீருக்கு மாற்றி, அதைத்தான் முட்டைக்கு விடுவார். பலசாலியை வளர்க்க யாராலும் முடியும். தொட்டால் வாடுவதை வாடாமல் வளர்ப்பதற்கு எப்பேர்ப்பட்ட கை வேண்டும் என்று அந்த எட்டு மாதம் பார்த்தேன். ஊற்றும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீரையும் முகர்ந்து, நாக்கில் வைத்துப் பார்த்து ஊற்றினார். அறுநூறு குஞ்சுகள் தேறின, முதல் நூறு தெருக்களுக்குப் போதும். ஒப்பந்தப் படிவத்தில் 'இனத்தின் சிறப்பு' என்றொரு கட்டம் உண்டு. முன்பெல்லாம் அதில் 'லேசில் சாகாது' என்று இருக்கும். இந்த முறை ரத்தினவேலு தன் நடுங்கும் கையாலேயே எழுதினார்: 'முதலில் மூச்சு வாங்கும்.'

பூங்காவனம் வைத்தது ஒரே நிபந்தனை. ஒவ்வொரு காவல் தொட்டிக்குப் பக்கத்திலும் மூடி போட்ட ஒரு பக்கெட்டில் நல்ல தண்ணீர் இருக்க வேண்டும். வால்வு மூடியதும் தெருக்காரர்கள் யாராவது அந்த மீனை அதில் எடுத்துவிட வேண்டும். இதற்கெல்லாம் ஆள் போட முடியாது என்று இயக்குநர் சொல்லிப் பார்த்தார்.

"சொல்றதுதான் மேடம் அதோட வேலை. சாவறது இல்ல. தெருவுக்காக அது மூச்சு வாங்குது, தெருவு ஒரு பக்கெட்டைத் தூக்காதா?"

தூக்காது என்றுதான் நான் நினைத்தேன். என் தெருவிலேயே பக்கெட்டால் கொசு வரும் என்று நாலாவது வீட்டு ஆராவமுதன் கையெழுத்து வேட்டை நடத்தி மனு கொடுத்திருந்தார்.

பழைய சாகா மீன்கள் என்ன ஆயின என்று கேட்பீர்கள். கொளத்தூர் சந்தையில் இப்போது அதுதான் சக்கைப்போடு போடுகிறது. ஆன்ட்டி குளோரின் ஒரு சொட்டு போதும், தண்ணீரை நாள் முழுக்கப் பிடித்து வைக்க வேண்டாம், பிடித்த கையோடு விடலாம் என்றால் யார்தான் வாங்க மாட்டார்கள்? பூங்காவனம் அந்தத் தொட்டிக்கு மேலே ஒரு பலகை மாட்டியிருக்கிறார். எழுத்தெல்லாம் கோணல். 'இது வாழுதேன்னு நம்பித் தண்ணி குடிச்சிடாதீங்க.' வேறு நல்ல பலகை எழுதிவாங்கித் தருகிறேன் என்றேன். இதுதான் நல்ல பலகை என்றுவிட்டார்.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, காலை ஆறே முக்கால். முகமெல்லாம் சோப்பு, கண்ணை மூடிக்கொண்டு குழாயைத் திருகுகிறேன், தண்ணீர் இல்லை. ஒரு கெட்ட வார்த்தை வந்தது. அடுத்த நொடி புரிந்தது. லுங்கியோடு, சோப்பு எரிகிற கண்ணோடு படியிறங்கி ஓடினேன். இத்தனை வருடத்தில் தண்ணீர் நின்றதற்காகச் சந்தோஷப்பட்ட ஒரே பொறியாளன் நானாகத்தான் இருப்பேன்.

காவல் தொட்டியைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றார்கள். ஒருவர் வாயிலும் ஏச்சு இல்லை. நடுவில் ஆராவமுதன், மனு கொடுத்த அதே ஆராவமுதன், வேட்டியை மடித்துக் கட்டி முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கை முழங்கை வரை நனைந்திருந்தது. பக்கெட்டுக்குள் பார்த்துக்கொண்டே, பிழைத்துக்கொள்ளும் இல்லையா சார் என்று என்னைக் கேட்டார். தலையை ஆட்டினேன்.

பூங்காவனத்துக்குப் போன் செய்தேன். எந்தத் தெரு, தண்ணீரில் என்ன என்று அவர் கேட்கவில்லை.

"எடுத்தாச்சா?"

எடுத்தாச்சு என்றேன்.

"எத்தினி அடிக்குது?"

இடுப்பில் கையை ஊன்றிக் குனிந்து எண்ணினேன். நூற்றுத் தொண்ணூறு. கொஞ்சம் பொறுத்து மறுபடி எண்ணச் சொன்னார். நூற்று அறுபது. சுற்றி நின்றவர்களும் என்னோடு சேர்ந்து எண்ணினார்கள். மூன்றாவது தடவை நூற்று நாற்பது. அதைச் சொன்னதும் அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது.

"அதைத் தனியா வைங்க சார், மத்ததோட சேக்காதீங்க. நானே வந்து எடுத்துக்கறேன். இனி அதான் எனக்குத் தாய் மீனு."